பின் அறை மணி

படகின் அடியில் அன்று தட்டிய சத்தம் மூன்று தடவையா, நான்கு தடவையா என்று எஞ்சின்காரருக்கு இன்றுவரை உறுதியாகச் சொல்ல வராது. மூன்று என்றுதான் நினைவு. அடுத்தடுத்து இரண்டு, கொஞ்சம் இடைவெளி, பிறகு அழுத்தமாக ஒன்று. ஆனால் அந்த இடைவெளி அப்போதே இருந்ததா, இல்லை, பின்னால் தெரியவந்ததை வைத்துக்கொண்டு மனமே அதை நடுவில் செருகிவிட்டதா என்பது அவருக்கே சந்தேகம். மணி விஷயம் அப்படியல்ல. மணி அடித்ததை யார் தலையில் வேண்டுமானாலும் அடித்துச் சத்தியம் செய்வார்.

அது, தட்டிய நாளுக்கு இருபது நாள் கழித்து, ஒரு பிற்பகல். கடல்மேல் மூடுபனி இறங்கி, மேலே இருந்தவர்களுக்குப் படகின் மூக்குகூடத் தெரியவில்லை. கீழே எஞ்சின் அறைக்குப் பகலும் இல்லை, பனியும் இல்லை. எப்போதும்போல ஒற்றை பல்பு, டீசல் வாடை, சூடேறிய ரப்பர் வாடை, ஈரம் காயாத கோணியின் புளித்த வாடை. எஞ்சினின் தாளம் பழகிப் பழகிக் காதைவிட்டு இறங்கி உள்ளங்காலில் மட்டும் ஓடிக்கொண்டிருந்த அந்த நேரத்தில், தலைக்கு மேலே இருந்த பலகையில் மணி ஒலித்தது. சின்னதாக இரண்டு. இடைவெளி. நீளமாக ஒன்று.

அண்ணாந்து பார்த்தார். பலகையில் நான்கு கண்ணாடிக் கட்டங்கள். கடைசிக் கட்டத்தில் சிவப்புத் தகடு விழுந்திருந்தது. பின் அறை.

அந்த மணிக்குக் கம்பியே இல்லை. கம்பியை வெட்டி ஒன்றரை வருடம் ஆகிறது. வெட்டிய நுனிகளுக்குத் துணி சுற்றிக் கட்டியவரே அவர்தான்.

போர் வருவதற்கு முன்னால் அது உல்லாசப் படகு. அவரும் தம்பியும் சேர்ந்து வாங்கியது. நாற்பத்தைந்து அடி நீளம், பால் வெள்ளை நிறம், நடுக்கூடத்தில் ஆளுயரக் கண்ணாடி, இரண்டு பக்கமும் மெத்தை வைத்த பெஞ்சுகள், கதவுக்கு மேலே ‘25 பேர்’ என்று பொறித்த பித்தளைத் தகடு. ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பம் குடும்பமாக ஏற்றிக்கொண்டு சிவப்பு மிதவைவரை போய்த் திரும்புவார்கள். ஒவ்வொரு அறைச் சுவரிலும் ஒரு பொத்தான் உண்டு. யாருக்காவது தேநீரோ, போர்வையோ, குமட்டலுக்கு வாளியோ வேண்டுமென்றால் அழுத்துவார்கள். கீழே மணி அடிக்கும். எந்த அறை என்று தகடு விழும். ஆள் இல்லாத நாட்களில் தம்பி பின் அறைப் பெஞ்சில் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு அந்தப் பொத்தானை அழுத்துவான். சின்னதாக இரண்டு, நீளமாக ஒன்று. கையெல்லாம் கிரீஸோடு இவர் ஏறிப்போய் நின்று, “என்னடா?” என்றால், “ஒண்ணுமில்லண்ணா, நீ உயிரோட இருக்கியான்னு பாத்தேன்” என்பான்.

அவர்களுக்கு ஒரு பழக்கம் இருந்தது. ஏறும்போது அண்ணன் தலை எண்ணுவார்; இறங்கும்போது தம்பி எண்ணுவான். இரண்டும் ஒத்துப்போன பிறகுதான் எஞ்சினை அணைப்பார்கள். ஒருமுறை ஒரு தலை குறைந்தது. பெஞ்சுக்கு அடியில், கழிப்பறையில், கயிற்றுக் குவியலுக்குள் எல்லாம் தேடிவிட்டு, ஒன்றரை மணி நேரம் எஞ்சினை ஓடவிட்டுக்கொண்டே காத்திருந்தார்கள். கடைசியில், காணாமல்போன குண்டு ஆசாமி மறுபக்கமாக நண்பனுடைய படகுக்குத் தாவி வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தது தெரிந்தது. துறைமுகமே சிரித்தது. “சிரிக்கட்டும்” என்றான் தம்பி. “தலை சரியாகாம நம்ம எஞ்சின் அணையாது.”

சண்டை வந்ததும் கடற்படையிலிருந்து கடிதம் வந்தது. வெள்ளைக்கு மேல் சாம்பல் நிறம் அடித்தார்கள். பெயர் இருந்த இடத்தில் பதினேழு என்ற எண். பெஞ்சுகளைப் பெயர்த்தெடுத்தார்கள். முன்னால் ஒரு இயந்திரத் துப்பாக்கி. பின்னால், தண்ணீருக்கு அடியில் போய் வெடிக்கிற பீப்பாய்க் குண்டுகள் நான்கு. மணிப் பலகையையும் கழற்ற வந்தார்கள். கதவை அடைத்துக்கொண்டு நின்று, “கம்பியை வேணா வெட்டிக்கங்க, பலகை இருக்கட்டும்” என்றார் எஞ்சின்காரர். ‘பெரிய பிடிவாதக்காரன்’ என்று எழுதிக்கொண்டு போனார்கள். ஆனால் அந்த எஞ்சின் கடற்படை மெக்கானிக் ஒருத்தனுக்கும் மசியவில்லை. சூடாக இருக்கும்போது நிறுத்தினால் மறுபடி கிளம்பாது. காற்றுக் குழாயில் ஈரத்துணியை வைத்துப் பொத்தி, நெம்புகோலைப் பாதி மட்டும் இழுத்து, அது இருமும்வரை காத்திருக்க வேண்டும். அதனால் அவரையும் படகோடு சேர்த்து எடுத்துக்கொண்டார்கள். தம்பியை இருபத்திரண்டாம் எண் படகுக்கு அனுப்பினார்கள்.

பதினேழில் மொத்தம் நான்கு பேர். அதிகாரி, சண்டைக்கு முன் பூகோள வாத்தியார். வயது முப்பதுகூட ஆகவில்லை. சுக்கான் பிடிப்பவரை எல்லோரும் மொட்டை என்பார்கள். துப்பாக்கிக்காரர் முன்பு முடி திருத்துபவர், அதனால் கத்திரி. “மொட்டையும் கத்திரியும் ஒரே படகுல. எனக்குத்தான் தொழில் இல்ல” என்பார் கத்திரி, தினம் ஒரு தடவை.

இருபது நாட்களுக்கு முன் அந்தச் சிரிப்பு நின்றுபோனது. அன்று சிவப்பு மிதவைப் பக்கம் பெரிதாக ஒரு சத்தம். படகு விரைந்தது. சுக்கான் அறையிலிருந்து எஞ்சின் அறைக்கு இறங்கும் பேசும் குழாயில் அதிகாரியின் குரல் வந்தது: “முழு வேகம்.” எஞ்சின்காரர் கொடுத்தார். கொஞ்ச நேரத்தில் காலுக்குக் கீழே தட்டியது.

“என்னமோ இடிக்குது சார்” என்றார் குழாயில்.

குழாயில் அதிகாரியின் பதில் வந்தது. “மரத்துண்டு. போய்க்கிட்டே இருங்க.”

பிறகு பின்னால் இரண்டு பீப்பாய்கள் உருண்டு விழுந்தன. கடல் அடியிலிருந்து படகைத் தூக்கிப் போட்டது. மூன்றாம் நாள் கரையில் அறிவிப்பு ஒட்டினார்கள்: இருபத்திரண்டு திரும்பவில்லை; ஏழு பேரைக் காணவில்லை. மொட்டை தேநீருக்குக் கீழே இறங்குவதை நிறுத்தினார். கத்திரி பேசுவதை நிறுத்தினார். தன் துக்கத்துக்கு மரியாதை கொடுக்கிறார்கள் என்றே எஞ்சின்காரர் நினைத்தார். காணவில்லை என்றால் காணவில்லைதானே, செத்தார்கள் என்று எவனும் எழுதவில்லையே என்று வீட்டில் தம்பி மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்தார். தம்பி வருவான் என்பதை மட்டும் அவர் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

இப்போது விழுந்த சிவப்புத் தகட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு எஞ்சினை மெதுவான ஓட்டத்தில் விட்டுவிட்டு ஏணியில் ஏறினார்.

பின் அறையில் யாரும் இல்லை. தக்கை மிதவைச் சட்டைகள் ஒரு மூலையில் கிடந்தன. கயிறு இன்னொரு மூலையில். வட்டச் சன்னலுக்கு வெளியே பனி, நனைந்த பஞ்சைப் போல ஒட்டிக்கொண்டிருந்தது. அறையில் அவருடைய டீசல் வாடை இல்லை. வேறொரு எண்ணெய், தாரைப் போலக் கனத்தது. அதற்கு அடியில், வெகு ஆழத்திலிருந்து ஏறிய தண்ணீரின் சில்லென்ற வாடை. பொத்தான் ஈரமாக இருந்தது. அதன்மேல் கறுப்பாக ஒரு பெருவிரல் ரேகை. தொட்டார். ஒட்டியது.

சுக்கான் அறையில் மொட்டை தனியாக நின்றார். அதிகாரியும் கத்திரியும் முன்பக்கம் துப்பாக்கி அருகே இருந்தார்கள்.

“பின் அறைக்கு யாராச்சும் போனீங்களா?”

“இல்லண்ணே.”

“மணி அடிச்சுது.”

“எந்த மணி?”

“என் தம்பி அடிக்கிற மணி.”

மொட்டை திரும்பவில்லை. சுக்கானை நேராகவே பிடித்திருந்தார்.

“அன்னிக்கு அது மரத்துண்டு இல்லண்ணே” என்றார் மொட்டை.

எஞ்சின்காரர் அவர் பக்கத்தில் போய் நின்றார்.

“இருபத்திரெண்டு மூழ்கி, ஏழு பேர் தண்ணியில கிடந்தாங்க. உடம்பெல்லாம் எண்ணெய். அவங்களுக்கு அடியிலதான் நீர்மூழ்கி நிக்குது, நின்னா நாமளும் போயிடுவோம்னார் சார். குண்டு போடுற எடத்துல நிக்கக் கூடாது, நேரா ஓட்டுன்னார். நான் ஓட்டினேன். நம்ம படகுன்னு அவங்களுக்குத் தெரிஞ்சு போச்சு. எல்லாரும் கையக் கையக் காட்டினாங்க. உங்க தம்பி சிரிச்சாண்ணே. எங்கண்ணன் வந்துட்டார்னு கத்தினான்.” மூச்சு வாங்கிக்கொண்டார். “நான் சுக்கானைத் திருப்பல.”

“நீர்மூழ்கி இருந்துதா?”

“குண்டு வெடிச்சும் அடியிலேர்ந்து ஒரு சொட்டு எண்ணெய்கூட மேல வரல. ஒண்ணுமே வரல.”

எஞ்சின்காரர் தன் கைகளைப் பார்த்தார். முழு வேகம் கொடுத்த கைகள். அப்போதுதான் பனிக்குள்ளிருந்து அது கேட்டது.

பேச்சு இல்லை. கூப்பாடும் இல்லை. தொண்டை நிறையத் தண்ணீரை வைத்துக்கொண்டு பல பேர் ஒன்றாகக் கூப்பிட முயன்றால் எப்படி இருக்குமோ, அப்படி. இடது பக்கம் ஒன்று. வலது பக்கம் இரண்டு. முன்னால், மிக அருகில், ஒன்று. அப்பால் சிவப்பு மிதவை பனிக்குள் மங்கலாக ஆடிக்கொண்டிருந்தது.

அதிகாரி ஓடிவந்தார். மூக்குக்கண்ணாடியில் நீர் கோத்திருந்தது. அதைத் துடைக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

“நீங்க ஏன் மேல நிக்கிறீங்க? கீழ போங்க. முழு வேகம். கத்திரி, மிச்ச ரெண்டு பீப்பாயும் தள்ளத் தயாரா வை.”

“தண்ணியில ஆள் இருக்கு சார்” என்றார் எஞ்சின்காரர்.

“அங்க யாரும் இல்ல. இருபது நாள் ஆச்சு. யாரு இருப்பாங்க?”

“யாரும் இல்லாத எடத்துக்குப் பீப்பா எதுக்கு சார்?”

அதிகாரி ஏணியைக் காட்டினார். “இது உத்தரவு.”

“அன்னிக்கும் உத்தரவுதான்.”

கைத்துப்பாக்கி உறையிலிருந்து வெளியே வந்தது. வாத்தியார் கை அது. சாக்பீஸைப் பிடிப்பது போலத்தான் பிடித்திருந்தது. எஞ்சின்காரர் அதைப் பார்த்துவிட்டு ஏணிப் பக்கம் திரும்பினார்.

“சுடுங்க சார். அப்புறம் எஞ்சினை நீங்களே ஓட்டிக்கங்க.”

முதுகு கூசியது. ஒவ்வொரு படியிலும் கூசியது. வெடி கேட்கவில்லை. கீழே வந்து, நெம்புகோலைப் பிடித்து, கடல் நடுவில் தன் வாழ்நாளில் முதல் தடவையாக எஞ்சினை அணைத்தார்.

நிசப்தம்.

தண்ணீர் மரத்தை நக்கும் சத்தம். குழாயில் எங்கோ சொட்டும் சத்தம். தன் மூச்சு. அதற்கப்புறம் ஒன்றுமில்லை. வெகுநேரம் ஒன்றுமில்லை.

பிறகு காலுக்குக் கீழே. இரண்டு. இடைவெளி. ஒன்று.

ஓடிவிடு என்றது கால். எங்கே ஓடுவது, இது என் படகு என்று நினைத்துக்கொண்டார். ஸ்பேனரை எடுத்து, குனிந்து, தரைப் பலகையில் தட்டினார். இரண்டு. இடைவெளி. ஒன்று.

மேலே போய்ப் பயணிகள் ஏணியைத் தேடி எடுத்தார். சாம்பல் நிறம் படாத பழைய வெள்ளை ஏணி. பக்கவாட்டில் கொக்கியில் மாட்டினார். ஈரத்தில் கொக்கி இரண்டு தடவை நழுவியது. மூன்றாம் தடவை இன்னொரு கை வந்து பிடித்தது. கத்திரி. மறு கையில் விளக்கு.

“நான் பாத்துக்கிட்டுதான் இருந்தேண்ணே, அன்னிக்கு” என்றார் கத்திரி.

“இப்ப விளக்கப் பிடி.”

எஞ்சின்காரர் குனிந்து, எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகளில் சொன்னதைச் சொன்னார். “ஒவ்வொருத்தரா ஏறுங்க. அவசரம் வேணாம். எல்லாருக்கும் எடமிருக்கு.”

கடைசிப் படியில் ஒரு கை விழுந்தது.

கறுப்பாக இருந்தது. விரல் நுனிகள் மட்டும் ஊறி வெளுத்து, மடிப்பு மடிப்பாக. அடுத்த கை. தலை. முகத்தில் கண்ணும் மூக்கும் இருந்தன. ஆனால் வெகுநாள் தண்ணீரில் கிடந்த சோப்பைப் போல எல்லாம் மழுங்கியிருந்தன. வெளியில் காயமே இல்லை. உள்ளேதான் எல்லாம் கலங்கியிருந்தது. நடக்க நடக்க அது உள்ளே குலுங்குவது கேட்டது. வாயிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. நிற்கவில்லை.

“ஒண்ணு” என்றார் எஞ்சின்காரர்.

படகு ஒரு விரற்கடை அமிழ்ந்தது. ஒரு ஆளின் எடைக்கு அவ்வளவு அமிழாது.

“ரெண்டு.”

மறுபடி அமிழ்ந்தது. முதலாவது ஆள் அவர்களைத் திரும்பிப் பார்க்காமல் நடுக்கூடத்துக்குள் போனான். பெஞ்சு இருந்த இடத்தில் உட்கார்ந்தான். அங்கே பெஞ்சு இல்லை. ஆனாலும் உட்கார்ந்தான். முழங்கால் மடங்கி, முதுகு நிமிர்ந்து, அடியில் ஒன்றுமே இல்லாமல்.

“மூணு. நாலு.”

“மூழ்கிடும்” என்றார் அதிகாரி. சுவரோடு ஒட்டி நின்றார். துப்பாக்கி காலடியில் கிடந்தது. “இறக்கிவிடுங்க. மூழ்கிடும்.”

“இருபத்தஞ்சு பேர் ஏத்துற படகு சார் இது. அஞ்சு.”

விளிம்புக்கும் கடலுக்கும் நான்கு விரல்.

“ஆறு.”

மூன்று விரல். கத்திரியின் விளக்கு ஆடியது. மொட்டை எங்கோ அழுதார். ஏணி காலியாக நின்றது. ஆடவில்லை. எஞ்சின்காரர் காத்திருந்தார். வர வேண்டும் என்றும் நினைத்தார். வந்துவிடக் கூடாது என்றும் நினைத்தார். இரண்டும் ஒரே நெஞ்சில்.

ஏணி இழுபட்டது.

அந்தக் கையை அவருக்குத் தெரியும். எஞ்சின் விசிறியில் சிக்கி நுனி போன சுண்டுவிரல். அவர் கையை நீட்டினார். பிடித்தார். குளிர் முழங்கைவரை ஏறி, தோளுக்கு வந்து, பல்லுக்குள் போனது. விடவில்லை.

“ஏழு” என்றார். “வாடா.”

தம்பி வாயைத் திறந்தான். தண்ணீர் வந்தது. வேறெதுவும் வரவில்லை. அண்ணனைத் தாண்டி, ஈரக் காலோடு, பின் அறைக்குள் போனான்.

சூடான எஞ்சின் கிளம்பாது. ஈரத்துணியை எடுத்துக்கொண்டு கீழே போனார் எஞ்சின்காரர். துணி தேவைப்படவில்லை. தொட்டதும் கிளம்பியது.

துறைமுகம் வந்தது. ஏணியை இறக்கிவிட்டு, எண்ணுவதற்குப் படித்துறையில் நின்றார். எண்ண வேண்டியவன் பின் அறையில் இருந்தான். அதனால் அவரே நின்றார். அதிகாரி இறங்கினார். மொட்டை இறங்கினார். கத்திரி இறங்கினார். அதன்பிறகு யாரும் இறங்கவில்லை.

அந்த ஏழு பேரும் தண்ணீரில் உயிரோடு கிடந்தார்கள், அவர்கள்மேல் ஓட்டச் சொன்னது யார், ஓட்டியது யார் என்று எஞ்சின்காரர் கடற்படைக்கு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். திருப்பி அனுப்பினார்கள். மறுபடி எழுதினார். மொத்தம் பதினொரு தடவை.

அதிகாரி கரையில் வேலை கேட்டு வாங்கி, சண்டை முடிந்ததும் பள்ளிக்கூடத்துக்கே திரும்பினார். வகுப்பில் யாராவது மடக் மடக்கென்று தண்ணீர் குடித்தால் வெளியே போய்விடுவாராம். கத்திரி அடுத்த மாதமே வேறொரு படகில் செத்துப்போனார். மொட்டை கடலை விட்டு வெகுதூரம் போய் லாரி ஓட்டுகிறார். பதினொன்றாவது கடிதத்தில் அவரும் கையெழுத்துப் போட்டார். தம்பி மனைவி ஒரே ஒரு முறை படகுக்கு வந்தாள், பின் அறைக் கதவைத் திறந்தாள், மூடினாள், அதன்பின் துறைமுகத் தெருவில் கால் வைக்கவில்லை. படகைக் கடற்படை எஞ்சின்காரரிடமே திருப்பிக் கொடுத்தது. சாம்பல் நிறத்தைச் சுரண்டிவிட்டு அவர் மறுபடி வெள்ளை அடித்தார். அதில் இப்போது யாரும் ஏறுவதில்லை. ஓட்டை எதுவும் இல்லை, உள்ளே ஒரு குடம் தண்ணீர் இல்லை. ஆனாலும் காலிப் படகு விளிம்புவரை அமிழ்ந்தே நிற்கிறது.

எஞ்சின் அன்றிலிருந்து அணையவில்லை. துறைமுக அலுவலர்கள் வந்து சத்தம் போட்டார்கள், அபராதம் என்றார்கள், உடைத்துப்போடுவோம் என்றார்கள்.

“ஏறினது ஏழு” என்றார் எஞ்சின்காரர், கதவை அடைத்துக்கொண்டு நின்று. “இறங்கட்டும். அணைக்கிறேன்.”

எஞ்சின் அறையிலேயே சமைத்து, அங்கேயே படுக்கிறார். தினமும் பிற்பகல் நான்கு மணிக்கு மணி அடிக்கிறது. சின்னதாக இரண்டு, நீளமாக ஒன்று. கையைத் துடைத்துக்கொண்டு ஏறிப்போய்க் கதவைத் திறப்பார். இல்லாத பெஞ்சில் தம்பி காலை நீட்டிக்கொண்டு கிடப்பான், பெருவிரல் பொத்தான்மேல். அவரைப் பார்த்ததும் வாய் திறக்கும். தண்ணீர் வழியத் தொடங்கும், நிற்காமல், தரையெல்லாம். அவன் என்ன கேட்கிறான் என்று அவருக்குத் தெரியும்.

“இருக்கேன்டா” என்பார்.